சேகரண்ணன் பாதியில் விட்ட படம்

வைட்ஃபீல்டுக்கு மாறிப்போன தம்பிகளே, எப்படி இருக்கிறீர்கள்? சாப்பிட்டீர்களா? அங்கே டிராஃபிக் எப்படியும் நகராது. போனை வைத்துவிடாமல் பொறுமையாகக் கேளுங்கள். நம் சேகரண்ணன் போய்விட்டார். பொம்மனஹள்ளி வீட்டில் மதியம் சாப்பிட்டுப் படுத்தவர் எழுந்திருக்கவில்லை. நம்மோடு வண்டி ஓட்டும் பாஷா வந்து சொன்னபோது நான் வண்டிக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். சரி என்றேன். மீதிக் கண்ணாடியையும் துடைத்தேன். இன்னும் அழுகை வரவில்லை.

எலெக்ட்ரானிக் சிட்டியில் ஆபீஸ் விடும்வரை டிரைவர்கள் எல்லோரும் டீக்கடையில்தானே கிடப்போம். டூட்டியால் தியேட்டருக்குப் போக முடியாத நமக்காக, அவர் லீவு நாளில் சூப்பர் ஹீரோ படம் பார்த்துவிட்டு வந்து கதை சொல்வார். அந்தக் கடையில் இப்போது டீயில் இஞ்சியே போடுவதில்லை. கடைக்காரரின் மருமகன் வந்ததிலிருந்து எல்லாம் பேப்பர் கப். அது கிடக்கட்டும்.

ஒருமுறை, ஊரைக் காப்பாற்றிய பறக்கும் வீரன்தான் ஊரைக் கொளுத்தியவனும் என்று முடித்தாரே, ஞாபகம் இருக்கிறதா? பாஷா கொதித்துவிட்டான்.

“இன்னா மாமு, நல்லவனப் போய் கெட்டவனாக்கிட்ட?”

“ஜெயிச்சிருவான்னு தெரிஞ்சா நீ எதுக்குடா வாயப் பொளந்துகிட்டு கேக்குற?”

மறுநாள் யாரும் அவர் பக்கத்தில் உட்காரவில்லை. முடிவை மாற்றிச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. தனியாக உட்கார்ந்து டீ குடித்தார். பாஷா வீம்புக்கு அந்தப் படத்தையே போய்ப் பார்த்தான். படத்தில் வீரன் கடைசிவரை நல்லவன்தான்.

“படம் சப்ப மாமு. நீ சொன்னதே இருக்கட்டும்” என்றான் திரும்பி வந்து.

கடைசியாக அவர் சொன்ன கதை பாதியில் நிற்கிறது. சக்தி வடிந்துகொண்டிருக்கும் வீரன், மேம்பாலத்தின் விளிம்பில் தொங்கிக்கொண்டு, விழப்போகும் பஸ்ஸை ஒற்றைக் கையால் பிடித்திருக்கிறான். விட்டால்தான் அவன் பிழைப்பான். அங்கே நிறுத்தி, “மீதி நாளைக்கு” என்றார் சேகரண்ணன். செல்போனில் படத்தைப் பார்த்துவிடலாம். யாரும் பார்க்கவில்லை. ஊரில் கூத்துக் கதை சொன்னவன் என்று இங்கே எல்லோரும் என்னை முடிக்கச் சொல்கிறார்கள்.

“இன்னிக்கு மட்டும் அவனச் சாகடிச்சிராதண்ணே” என்கிறான் பாஷா.

கேட்கிறவர் முகம் கோணினாலும் கதையை வளைக்காத அந்தத் துணிச்சல் ஒன்றைத்தான் சேகரண்ணனிடமிருந்து நான் எடுத்து வைத்திருக்கிறேன். ஆகவே சொல்கிறேன். எல்லோரும் எதிரே உட்கார்ந்திருக்கிறார்கள், நீங்களும் கேளுங்கள். பஸ்ஸிலிருந்து எல்லோரும் இறங்கிவிட்டார்கள். வீரன் இன்னும் மேலே ஏறவில்லை. ஏற மாட்டான். பாஷா, காதை மூடாதே. அவன் கீழே பார்க்கிறான், அங்கே…

“அண்ணே, ஷிஃப்ட் விட்டாச்சு! பேக பேக, சீக்கிரம் வண்டிய எடுங்க!” என்று ஆபீஸ் கேட்டிலிருந்து செக்யூரிட்டி கத்துகிறான்.