அசையாமல் கிடக்க வேண்டியவள்

அடிபட்டவளாக நடிக்க என் கையில் கொடுத்த சீட்டில் இரண்டே வரிதான். நான் எழுத்துக் கூட்டிப் படிப்பதற்குள் பொழுது போய்விடும் என்று ஆம்புலன்ஸ் ஓட்டுகிற தம்பியே வாசித்துச் சொன்னார். "நெனவு இல்ல. மூச்சு மெதுவா வருது. அவ்ளோதான் ஆயா, அசையாம படுத்துக்கினு இருங்க."

என் மருமகள் அந்த ஆம்புலன்ஸில்தான் நர்ஸ். காண்ட்ராக்ட் வேலை. பேரிடர் நேரத்து மருத்துவம் என்று ஒரு படிப்பை ஆறு மாதமாகப் போனிலேயே படித்தாள். ஷிப்ட் முடிந்து வந்து, போனைப் பருப்பு டப்பாவில் சாய்த்து வைத்துக்கொண்டு பாடம் கேட்பாள். "சமையலயும் இதுலயே படிச்சிருந்தா வூட்ல நாலு பேரு நல்லா சாப்ட்டிருப்போம்" என்பேன். சிரித்துக்கொண்டே எனக்கும் சொல்லிக் கொடுப்பாள்: ஒரே இடத்தில் பலர் அடிபட்டுக் கிடந்தால், கத்துகிறவருக்கு மூச்சு இருக்கிறது, அவர் காத்திருக்கலாம், பச்சைப் பட்டை. சத்தமில்லாமல் கிடப்பவரைத்தான் முதலில் தூக்க வேண்டும், சிவப்புப் பட்டை. தேறினால் மீட்புக் குழுவில் ஓர் இடம், அதுவும் பர்மனென்ட். எங்கள் வடக்குத்து ஊரில் அந்தச் சொல்லுக்கு என்ன மதிப்பென்று பெண் பார்க்க வருகிறவர்களைக் கேட்டால் தெரியும்.

கடைசிப் பரீட்சை, சுரங்கத்துக்காரர்கள் குவார்ட்டர்ஸ் பக்கத்து மைதானத்தில். மைன்ஸில் மண் சரிந்ததாகப் பாவனை. சிவப்புச் சாயம் பூசிக்கொண்டு பன்னிரண்டு பேர் கிடந்தோம். சென்னையிலிருந்து வாத்தியார் போனில் தெரிந்த மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார். சீட்டில் உள்ளது மருமகளுக்குத் தெரியாது; எங்களைப் பார்த்தே அவள் தரம் பிரிக்க வேண்டும்.

நானும் கொஞ்ச நேரம் நல்ல பிணமாகத்தான் கிடந்தேன். வேடிக்கை பார்த்தவர்களில் ஒருத்தி, "இன்னா ஆயா, நெசமாவே பூட்டியா?" என்றாள். கூட்டம் சிரித்தது. அந்தச் சிரிப்பைக் கேட்டதும் என் வாய் சும்மா இருக்குமா? எழுந்து உட்கார்ந்து மாரில் அடித்துக்கொண்டு எனக்கு நானே ஒப்பாரி வைத்தேன். "என்னப் பெத்த தாயே, பொங்கப் பொடவ இன்னும் பிரிக்கலியே!" மைதானமே சிரித்து உருண்டது. மருமகள் ஓடிவந்தாள். ஒரு கணம் என் முகத்தைப் பார்த்தாள். கையில் பச்சைப் பட்டையைக் கட்டிவிட்டு அடுத்த ஆளிடம் ஓடினாள். பாடத்தின்படி அதுதான் சரி.

முடிந்ததும் வாத்தியார் கேட்டார். "அந்த வயசானம்மாவுக்கு சிவப்பு கட்டியிருக்கணும். நிஜமா இருந்தா உயிர் போயிருக்கும். யாராவது சீட்டுல உள்ளத மாத்தி நடிச்சீங்களா?" டிரைவர் தம்பி என்னைப் பார்த்தார். மருமகள் பார்க்கவில்லை. காக்கா கத்தினாலும் பதில் சொல்லுகிறவள் நான், முந்தானையிலிருந்த புல்லை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டிருந்தேன்.

அந்த இடம் வேறொரு பெண்ணுக்குப் போனது. அன்று சாயங்காலம் சோறு போட்டவளிடம் கேட்டேன். "நான் பண்ண கூத்த அவருகிட்ட நீயாவது சொல்லியிருக்கலாமேம்மா?"

"நீங்க சொல்லுவீங்கன்னு பாத்தேன் அத்த" என்றாள். குழம்பையும் ஊற்றினாள்.

முதல் பாடத்திலிருந்து மறுபடி படிக்கிறாள். போன் அதே பருப்பு டப்பாவில்தான் சாய்ந்திருக்கிறது. அவள் சமையலை நான் இப்போது கிண்டல் செய்வதில்லை. அடுத்து விழுகிற இடத்துக்கு அடுத்த வாரம் மறுபரீட்சை. நேற்று எங்கள் தெருவில் வீடு வீடாகப் போய்ப் படுத்துக் கிடக்க ஆள் கேட்டாள். எங்கள் வீட்டு வாசலுக்கு வந்ததும் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய்விட்டாள்.