ஆல்பத்தில் இல்லாத மேண்டலின்

டெல்மர் ஸ்டில்ட்னரைப் பற்றிச் சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. இருந்தாலும் சொல்கிறேன். வர்ஜீனியா மலைப்பக்கத்தில் பள்ளிக்கூட பஸ்களைப் பழுதுபார்க்கிறவர். இருபத்தாறு வருஷமாக எங்கள் குழுவில் மேண்டலின் வாசிக்கிறார். எனக்கு பாஞ்சோ, குழுவும் என் பொறுப்பு.

நாங்கள் வாசிக்கும் ப்ளூகிராஸ் என்ற மலைநாட்டுப் பாட்டில் டிரம் கிடையாது. மேண்டலின்காரர் நறுக் நறுக்கென்று போடும் வெட்டுதான் எங்களுக்குத் தாளம். மேடையில் ஒரே மைக். தனியாக வாசிக்கிறவர் முன்னே வருவார், மற்றவர்கள் ஒதுங்குவார்கள். ஒதுங்குவதில் டெல்மர்தான் முதல் ஆள். "எங்க ஆத்தா வயித்துலயே ஓரமாத்தான் படுத்திருந்தேன்" என்று சிரிப்பார்.

புது ஆல்பத்தில் கொலம்பியாக்காரர்களின் கும்பியா ஆட்டப்பாட்டைக் கலக்கலாம் என்று எனக்குத்தான் ஆசை வந்தது. அதற்காக ராமிரோ என்கிற கொலம்பியாப் பையன் வந்து டிரம் வாசித்தான். பாட்டெல்லாம் பிரமாதம். டெல்மரின் வெட்டு மட்டும் டிரம்மோடு மோதியது. அவரிடம் ஒரு வார்த்தை கேட்காமல், எட்டுப் பாட்டிலும் அதை எடுத்துவிடும்படி ஒலிப்பதிவுக்காரரிடம் சொன்னேன். பாவி நான், அட்டையில் மட்டும் அவர் படத்தைப் பெரிதாகப் போட்டேன்.

சி.டி.யைக் கொடுத்ததும் தம் பழைய வண்டியில் போட்டார். பக்கத்தில் நான். ஸ்டியரிங்கில் தாளம் தட்டிக்கொண்டே கேட்டார். பிறகு கை நின்றது.

"ராமிரோ பய பின்னுறான். ஆமா, நான் எங்க, அர்லீன்?"

"வண்டி ஸ்பீக்கர் மட்டம் அண்ணே. மேண்டலின் சத்தமெல்லாம் இதுல எடுக்காது." நாக்குக் கூசாமல் சொன்னேன்.

"இருக்கும், இருக்கும். ஓட்டை வண்டிதானே" என்றார்.

அடுத்த சனிக்கிழமை ஒத்திகைக்கு வந்தவர், என்னை வண்டிக்கு இழுத்துக்கொண்டு போனார். இரண்டு கதவிலும் பளபளவென்று புது ஸ்பீக்கர். தாமே மாட்டியிருக்கிறார், விரலில் பிளாஸ்திரி.

"இப்பப் போடுறேன், கேளு!"

அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். "ஸ்பீக்கர் இல்ல அண்ணே. நான்தான் உங்க வாசிப்ப எடுக்கச் சொன்னேன். எட்டுப் பாட்டுலயும்."

பிரிந்திருந்த பிளாஸ்திரி ஓரத்தை அழுத்தி ஒட்டிக்கொண்டார்.

"ஒதுங்குன்னு சொல்லியிருந்தா ஒதுங்கியிருப்பேனே, புள்ள" என்றார்.

அன்றைக்கு ஒத்திகையில், வழக்கத்தைவிட இரண்டடி தள்ளி, சுவரோரமாக நின்று வாசித்தார்.