இருபத்தெட்டாம் நாள் மைசூருக்கு

ஜூலை 4 அன்று, பத்து வயதுப் பேத்தியுடன் ஹனூரிலிருந்து மைசூர் சென்று திரும்பினேன். பிறப்பிலிருந்தே அவளுக்கு எச்.ஐ.வி. தொற்று உண்டு. ஜூன் 6 பரிசோதனையில் ஹீமோகுளோபின் 7.4, வெள்ளை அணுக்களும் குறைவு. அவள் உட்கொண்ட மாத்திரைகளுள் ஒன்றே காரணமென்று மருத்துவர் அதை மாற்றினார். இருபத்தெட்டாம் நாளும் அணுக்கள் கூடாவிடில், மருத்துவமனையில் சேர்த்து இரத்தம் செலுத்த நேரிடும் என்றார். அன்று மாலை ஊர் திரும்புகையில் கொள்ளேகாலத்தில் பேருந்தின் மூன்று படிகளையும் ஏற மாட்டாமல் நின்றவளை நடத்துநர்தான் தூக்கிவிட்டார்.

இம்முறை காலை 6.10க்குப் புறப்பட்டு, கொள்ளேகாலத்தில் 7.20க்கு மைசூர் வண்டி பிடித்தோம். மொத்தம் 87 கிலோமீட்டர். எனக்கு 105 ரூபாய். கர்நாடக அரசுப் பேருந்தில் பெண்களுக்கு இலவசம் என்பதால் பேத்திக்குக் கட்டணமில்லை, ஆதார் அட்டை அவசியம். 9.25க்கு இறங்கினோம். ஆட்டோக்காரர் எண்பது கேட்டார். மீட்டர் போடச் சொன்னேன், 42தான் காட்டியது.

மருத்துவமனையில் செவிலியர் மாத்திரைப் புட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"லேபிள் எங்க ஐயா?"

"பஸ்ஸுல யாராச்சும் படிச்சுருவாங்கன்னு கிழிச்சுப்போட்டனுங்க."

"அப்போ பழசக் குடுத்தீங்களா, புதுசக் குடுத்தீங்களா? நான் எப்படித் தெரிஞ்சுக்கறது?"

பெருமிதத்தோடு குறிப்பேட்டை நீட்டினேன். ஐம்பத்தாறு வேளைகள், நிமிடம் பிசகாமல்.

"டைமெல்லாம் சரி. மாத்திரை பேரு?"

அதே அச்சத்தால் அதையும் எழுதவில்லை.

பேத்திதான் காப்பாற்றினாள். "பழச முழுங்கணும்க்கா, கசக்கும். இதத் தண்ணில கரைச்சுக் குடிக்கறேன்."

"இவ தெளிவா இருக்கா. நீங்கதான் ஐயா குழப்பறீங்க!" என்று சிரித்து, புதிய லேபிளைத் தாமே எழுதி ஒட்டினார்.

10.05க்கு இரத்தம் எடுத்தார்கள். எதிர்க் கடையில் பேத்தி நான்கு இட்லி தின்றாள். எனக்கு ஒன்றுகூட இறங்கவில்லை. 12.40க்கு முடிவு வந்தது: ஹீமோகுளோபின் 9.3. வெள்ளை அணுக்களும் கூடியிருந்தன. சேர்க்க வேண்டியதில்லை, அதே மாத்திரை தொடரட்டும், அடுத்த மாதம் வாருங்கள் என்றார் மருத்துவர்.

இதே காரணத்துக்காகப் பயணம் செய்வோருக்கு ஒரு வேண்டுகோள். குழந்தை வெளிறினால் நீங்களாக மாத்திரையை நிறுத்தாதீர்கள், மருத்துவரிடம் காட்டுங்கள். லேபிளையும் கிழிக்காதீர்கள், மறைக்க ஒரு துணிப்பை போதும்.

மாலை கொள்ளேகாலத்தில் அதே நடத்துநர் கைகளை நீட்டினார். பேத்தி அவரைக் கடந்து தானாகவே மேலேறி, சன்னலோர இருக்கையிலிருந்து கூவினாள்: "தாத்தாவத் தூக்கிவிடுங்கண்ணா!"