ஆமைக்குள் நான்கு விரல்

இரும்புக் கையுறையின் புறங்கைத் தகட்டை நகத்தால் சுண்டிவிட்டு, காதருகே கொண்டுபோய்க் கண்ணை மூடிக்கொள்வார் செவெரின். கடைக்காரர் என்ன சொன்னாலும் அப்போது அவருக்குக் கேட்காது. "தகடு ரெண்டு மில்லிமீட்டர்னு எழுதியிருக்கீங்க. இது ஒன்றரைதான், கீச்சுங்குது" என்பார். அளந்து பார்த்தால் ஒன்றரைதான் இருக்கும்.

இருபத்தாறு வருடமாக ஊர்க் கோயிலில் ஆர்கன் வாசிக்கிற காது அது. ஜூலை பிறந்தால், கவசக் கடைகள் வரிசை கட்டும் மசூரியப் புல்வெளிக்கு வந்துவிடுவார். அறுநூறு வருடத்துக்கு முந்தைய போரை நடித்துக் காட்டும் கூட்டத்தில் அவரும் ஒரு வீரர். வாள்தான் மழுங்கல், அடி நிஜம். போன வருடம் வலக்கைச் சுண்டுவிரலும் மோதிர விரலும் முறிந்தன. பதினோரு வாரம் ஊர் ஆர்கன் இல்லாமலே பாடியது. பாடியதா, ஆளுக்கொரு பக்கம் இழுத்ததா என்பது வேறு கதை. பங்குச் சாமியார் சுருக்கமாகச் சொல்லிவிட்டார்: "இன்னொரு விரல் ஒடஞ்சா, பள்ளிக்கூடத்து டீச்சரம்மாவ வாசிக்கச் சொல்லிடுவேன்." அந்த அம்மாள் சாவுப் பாட்டையும் கல்யாண நடன வேகத்தில் வாசிப்பவர்.

அப்படியிருந்தும் செவெரினின் கண் போவதென்னவோ ஐந்து விரலும் தனித்தனியாக அசையும் கையுறைமீதுதான். பித்தளை ஓரம்; மீன் செதில் போல விரல் தகடுகள். பக்கத்தில் குண்டாகக் கிடக்கும் இன்னொரு கையுறைக்குக் கடைத்தெருவில் 'ஆமை' என்று பெயர். கட்டைவிரல் மட்டும் தனி. மற்ற நாலும் ஒரே ஓட்டுக்குள்.

வாங்குமுன் ஒரு கடைசிச் சோதனை உண்டு. கையுறையைக் கடைக்காரரிடமே நீட்டுவார். "நீங்க போட்டுக்குங்க. நான் அடிக்கிறேன்." இன்று காலையில் மட்டும் நான்கு கடைக்காரர்களுக்குத் திடீரென்று வேறு வேலை வந்துவிட்டது.

ஐந்தாவது கடை ப்ரோன்காவுடையது. சுட்ட சாசேஜைக் கடித்துக்கொண்டிருந்தவர், செவெரின் நீட்டிய பித்தளை ஓரக் கையுறையைப் பார்த்து, மாட்டேன் என்று தலையை ஆட்டினார்.

"அதுக்குள்ள என் கையை விடமாட்டேன், ஆர்கன்காரரே. அது போட்டோவுக்கு."

"நீங்க செஞ்சதுதானே?"

"நான் செஞ்சதாலதான் சொல்றேன்."

ப்ரோன்கா தன் வலக்கையை ஆமைக்குள் நுழைத்து மரக்கட்டைமேல் வைத்தார். இடக்கையில் சாசேஜ் அப்படியே இருந்தது. "அடிங்க. தடவிக் குடுக்காதீங்க."

இதுவரை யாரும் கையை நீட்டியதில்லை. அதனால் இதுவரை செவெரின் யாரையும் அடித்ததுமில்லை. ஓங்கிய மழுங்கல் வாள் மேலேயே நின்றது.

"என்ன, பூசைக்கு நேரமாச்சா?"

அடித்தார். கனமாக, அடங்கி ஒலித்தது தகடு. ப்ரோன்கா கையை உருவி, ஐந்து விரலையும் அவர் மூக்குக்கு நேரே ஆட்டினார்.

"ரெண்டு மில்லிதானே?"

"ரெண்டேதான்" என்றார் செவெரின், கொஞ்சம் வருத்தத்தோடு.

ஆமையை வாங்கி அக்குளில் இடுக்கிக்கொண்ட பிறகும் அவர் நகரவில்லை. பித்தளை ஓரக் கையுறையை வலக்கையில் மாட்டிக்கொண்டு, கைபேசியை ப்ரோன்காவிடம் நீட்டினார். "ஒண்ணு எடுங்க. சாமியாருக்கு அனுப்பணும். இதைப் போட்டுக்கிட்டுத்தான் சண்டைக்குப் போறேன்னு நெனச்சு, முடியுற வரைக்கும் உக்காந்து ஜெபம் பண்ணட்டும்."

மார்புக்கு நேரே கையை விரித்தார். போன வருடம் முறிந்து, செதில்களுக்குள் கோணலாகவே நின்ற சுண்டுவிரலை மட்டும், படம் எடுத்து முடியும்வரை, இடக்கையால் நிமிர்த்திப் பிடித்துக்கொண்டார்.