டாலாவில் இன்னும் கேட்கும் என் குரல்

ஊ சின்னையா பொய் சொல்கிறார். அதை என் குரலில் சொல்கிறார்.

எனக்குக் குரல் கிடையாது. குரல்வளையை (மூச்சுக்குழாயின் தலைப்பில் இருக்கும், பேச்சு பிறக்கிற உறுப்பு) முழுவதுமாக எடுத்துவிட்டார்கள். கழுத்தில் ஒரு துளை இருக்கிறது. அதன் வழியாக மூச்சு விடுகிறேன். இருந்தும் யாங்கோனில் (பழைய ரங்கூன்) நான் தினமும் பேசுகிறேன். ஊ சின்னையாவின் தொண்டைப் பொடி விற்கும் சாய்க்காவில், அதாவது பக்கத்தில் இருக்கை வைத்த மிதிவண்டியில், ஒலிபெருக்கி கட்டியிருக்கிறது. அதற்குள் இருந்து பேசுகிறேன்.

தொண்டை கம்மிப் போய், சரியாகிவிடும் என்று காத்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். அலங்காரமாக எழுத எனக்கு வராது.

என் பெயர் மாரிமுத்து. மைதானத்தில் கோ மாரி; பர்மாவில் இளையவர் பெயருக்கு முன் 'கோ', பெரியவர் பெயருக்கு முன் 'ஊ' என்று மரியாதைக்குச் சேர்ப்போம். தொழில், கால்பந்து நேர்முக வர்ணனை. எண்பத்தெட்டு மாணவர் கிளர்ச்சிக்குப் பிறகு கல்லூரிகள் மூடிக் கிடந்தன. வீட்டில் சும்மா கிடந்தவனுக்குச் சிற்றலை வானொலியில் ஒரு ஆங்கிலேய வர்ணனையாளர் கிடைத்தார். அவர் பெயரைச் சொல்லும் இடத்தில் எப்போதும் இரைச்சல் வந்துவிடும். முகமும் தெரியாது. அவரைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம், பந்து வெளியே போனபோது அவர் சொன்னவைதான். சின்ன ஊர்ப் பத்திரிகையில் ஆட்ட முடிவுகள் எழுதித் தொடங்கியவர். கால் எலும்பு முறிந்ததால் ஆடுவதை விட்டவர். முதல் ஒலிபரப்பில் இரண்டு அணிகளின் பெயரையும் மாற்றிச் சொல்லி, வேலை போய்விடும் என்று பயந்தவர். கோல் விழுவதற்குச் சற்று முன் அவர் பேச்சை நிறுத்துவார். அந்த மௌனத்தை அவரிடம்தான் கற்றேன்.

பல வருடம் கேட்டேன். பிறகு ஒரு சனிக்கிழமை வேறு ஆள் பேசினார். பழையவருக்கு உடம்பு சரியில்லை என்றார். அடுத்த பருவத்தில் அவர் இறந்துவிட்டதாகச் சொல்லி, அவருடைய பழைய வர்ணனை ஒன்றைப் போட்டார்கள். செத்த மனிதர் மூச்சிரைக்கக் கத்தினார், சிரித்தார், யாரையோ திட்டினார். நான் வானொலியை அணைத்துவிட்டேன். அணைத்த பிறகும் கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதற்குள் நானும் பேர் வாங்கியிருந்தேன். யாங்கோனைச் சுற்றி மாவ்பி, ஷ்வேப்யிதா, ஆற்றுக்கு அக்கரையில் டாலா என்று எங்கே போட்டி நடந்தாலும் கூப்பிடுவார்கள். பர்மியத்தில் சொல்லிக்கொண்டே வந்து, நம் பையன் யாராவது பந்தை எடுத்தால் தமிழில் இரண்டு வார்த்தை போடுவேன். அதற்கென்றே ஒரு கூட்டம் வரும்.

இந்தத் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. பந்து கோட்டுக்கு வெளியே போனதும், செலவு ஏற்ற புரவலரின் சரக்கை வர்ணனையாளர் புகழ வேண்டும். பந்து உள்ளே வந்ததும் நிறுத்த வேண்டும். ஊ சின்னையா பல போட்டிகளுக்குப் புரவலர். அவருடைய தொண்டைப் பொடியை நான் புகழ்ந்திருக்கிறேன். மைக் பக்கத்தில் ஒரு பொட்டலம் வைப்பார், வாயில் போட்டுக்கொண்டே பேசுவேன்.

இன்னொரு வழக்கமும் உண்டு. அதுதான் என்னைக் கெடுத்தது. இறுதிப் போட்டிக்கு மறுநாள் வர்ணனையாளனுக்குக் குரல் இருக்கக் கூடாது. இருந்தால் டீக்கடையில் மானம் போகும். "என்ன கோ மாரி, பேச்சு வருது? நேத்து மைக்கைப் புடிச்சிக்கிட்டுத் தூங்கிட்டியா?" என்று கேட்பார்கள். குரல் உடைந்தால்தான் உழைத்தான் என்று பொருள்.

அதனால் ஒரு மழைக்காலத்தில் உடைந்த குரல் திரும்பி வராதபோது நான் பயப்படவில்லை. சந்தோஷப்பட்டேன். கரகரவென்று, சரளையில் சக்கரம் உருள்வதுபோல இருந்தது. கூட்டத்துக்கு அது பிடித்துப் போயிற்று. அந்தக் குரலில் நான் கோல் சொன்னால் கிழவர்கள்கூட எழுந்து நின்றார்கள். ஊ சின்னையா அந்த வருடம்தான் என் வர்ணனையை ஒலிநாடாவில் பதிவு செய்தார்.

பொடியையும் தின்றேன். கூன்யாவும் (வெற்றிலை) போட்டேன், சுருட்டும் பிடித்தேன். விழுங்கும்போது காதுக்குள் வலித்தது. என் மனைவி பாக்கியம்தான் கண்டுபிடித்தாள். "நீங்க பேசலன்னாலும் உங்க கழுத்துல ஏதோ சத்தம் வருதுங்க" என்றாள். நான் மூச்சு விடும் சத்தம் அது.

பெரிய ஆஸ்பத்திரி நடைபாதையில் எனக்கு முன்னால் ஒருவர் உட்கார்ந்திருந்தார். கழுத்தில் துணி கட்டியிருந்தார். அவர் இருமியபோது வாய் அசையவில்லை, துணி அசைந்தது. நான் பாக்கியத்தைப் பார்த்தேன். அவள் சுவரைப் பார்த்தாள்.

மருத்துவர் ஒரு பர்மியப் பெண். இங்கே அப்படிப்பட்டவரைச் சயாமா என்போம். நாக்கை இழுத்துப் பிடித்து, சிறு கண்ணாடியை உள்ளே விட்டுப் பார்த்தார். பயாப்சி (சிறு சதைத் துண்டை எடுத்துச் சோதிப்பது) செய்தார்கள். முடிவு வந்த அன்று சயாமா சுற்றி வளைக்கவில்லை. புற்று, குரல் நாண் இரண்டையும் பிடித்துவிட்டது, கதிர் சிகிச்சை மட்டும் போதாது, எடுக்க வேண்டும் என்றார். குரல் கம்மி மூன்று வாரத்தில் வந்திருந்தால் குரலோடு வீட்டுக்கு அனுப்பியிருப்பேன் என்றார். இந்த வரியைப் படிக்கிறவர்கள் திரும்ப ஒருமுறை படியுங்கள்.

அறுவை முடிந்து கண் விழித்ததும் பாக்கியத்தைக் கூப்பிட்டேன். கூப்பிட்டேன் என்றுதான் நினைத்தேன். வாய் திறந்தது, நாக்கு சரியாகப் புரண்டது, தாடைக்குக் கீழே இருந்து காற்று மட்டும் வந்தது. மூக்கில் குழாய் வழியாகக் கஞ்சி போயிற்று. காற்று மூக்குக்குப் போகாததால் வாசனை போய்விட்டது. பிறகு பல வாரம் கதிர் வைத்தார்கள், கழுத்துத் தோல் கருகி உரிந்தது. தாங்க முடியும். தாங்கலாம் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். பலகையில் எழுதிப் பேசக் கற்றுக்கொண்டேன்.

தண்ணீர்தான் எதிரி. ஸ்டோமாவுக்குள் (கழுத்தில் நிரந்தரமாகப் போட்ட மூச்சுத் துளை) ஒரு குவளை தண்ணீர் போனால், தரையில் நின்றபடியே மூழ்கிச் சாகலாம். ஆகவே திஞ்சான் வந்தபோது, ஊரே ஒருவர்மேல் ஒருவர் தண்ணீர் ஊற்றும் அந்தப் புத்தாண்டு நாட்களில், பாக்கியம் என்னை உள்ளே விட்டு ஜன்னல்களைச் சாத்தினாள். வெளியே பாட்டு, கூச்சல், வாளிச் சத்தம்.

அந்தக் கூச்சலுக்கு நடுவில் நான் பேசிக்கொண்டு வந்தேன்.

முதலில் தூரத்தில். பிறகு எங்கள் தெருவில். "கோ மாரி சொல்றேன், கேளுங்க" என்றேன். பந்து கோட்டைத் தாண்டிவிட்டது, கார்னர் என்றேன். கார்னர் அடிப்பதற்குள், இந்தத் தொண்டை இந்தப் பொடியால்தான் ஓடுகிறது என்றேன். பின்னால் கூட்டம் ஆர்ப்பரித்தது. நாடா அங்கே வெட்டப்பட்டு மறுபடி முதலிலிருந்து ஓடியது. கோ மாரி சொல்றேன், கேளுங்க.

பாக்கியம் கையில் கரண்டியோடு அடுக்களை வாசலில் நின்றாள். என் வாயைப் பார்த்தாள். எனக்கும் சந்தேகம் வந்து உதட்டைத் தொட்டுப் பார்த்தேன். அது அசைந்துகொண்டிருந்தது. வார்த்தைக்கு வார்த்தை சரியாக அசைந்தது. கதவைத் திறந்து நிறுத்தச் சொல்லலாம் என்றால் வெளியே தண்ணீர். கத்தலாம் என்றால் தொண்டை தெருவில் போய்க்கொண்டிருந்தது.

திஞ்சான் முடிந்ததும் ஊ சின்னையாவின் கடைக்குப் போனேன். எனக்குப் புற்று வந்தது, குரல் போய்விட்டது, நாடாவை நிறுத்துங்கள் என்று பலகையில் எழுதிக் காட்டினேன். அவர் நிதானமாகப் படித்தார். உட்காரச் சொன்னார். டீ வரவழைத்தார்.

"கொரலு உன்னுதுதான் தம்பி. டேப்பு என்னுது."

பொய் என்று எழுதினேன்.

"நீ சொன்னதத்தான போடுறேன்? நானா சொன்னேன்? பொய்யின்னா நீயே வாயத் தொறந்து சொல்லு பாப்போம்."

கடையில் இருந்த இரண்டு பேர் சிரித்தார்கள். ஒருவர் பாதியில் நிறுத்திக்கொண்டார். நான் பலகையை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

அடுத்த பரிசோதனைக்குப் போனபோது, சயாமாவே அந்தப் பேச்சை எடுத்தார். ஷ்வேப்யிதாவில் அவர் வீட்டுப் பக்கம் சாய்க்கா வந்ததாம். பெயரைக் கேட்டதும் நின்று கேட்டிருக்கிறார். ஒவ்வொரு வாக்கியத்தின் முடிவிலும் காற்று கசிகிறது, நாண்கள் சேரவில்லை என்றார். "அந்தக் கரகரப்புக்குக் காரணமே கட்டிதான், கோ மாரி. பதிவு செய்தபோது அது உள்ளே உட்கார்ந்திருந்தது" என்றார்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அதையே யோசித்தேன். என்னிடமிருந்து வெட்டி எரித்தது இன்னும் தெருத் தெருவாகப் போகிறது. என் பெயரைச் சொல்லிக்கொள்கிறது. பொடி விற்கிறது.

இதோடு போயிருந்தால் எழுதியிருக்க மாட்டேன். கருப்பையாவுக்காக எழுதுகிறேன்.

கருப்பையா டாலாவில் சாய்க்கா ஓட்டுகிறவன். போட்டி நாட்களில் படகுத்துறையிலிருந்து என்னை மைதானத்துக்கு மிதித்துக்கொண்டு போவான். இப்போது ஊ சின்னையாவின் ஒலிபெருக்கியைக் கட்டிக்கொண்டு மிதிக்கிறான். சென்ற மாதம் ஆற்றைக் கடந்து போனபோது துறையில் பார்த்தேன். "அண்ணே" என்றான். அந்த ஒரு சொல்லிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. சரளையில் உருளும் சக்கரம்.

எவ்வளவு நாளாக என்று எழுதிக் கேட்டேன். மழை தொடங்கியதிலிருந்து என்றான். பொடி தின்கிறானாம், குறைகிறதாம். அவன் மூச்சு உள்ளே போகும்போது பாக்கியம் சொன்ன அதே சத்தம் வந்தது. உடனே ஆஸ்பத்திரிக்கு வா, நான் கூட வருகிறேன் என்று எழுதினேன். துணியை விலக்கித் துளையைக் காட்டினேன். நன்றாகக் குனிந்து பார்த்தான்.

"இது வேற ஏதோ வியாதிண்ணே. ஒங்க கொரலுக்கு ஒண்ணும் ஆகலையே. நாள் பூரா என் முதுகுக்குப் பின்னாடி நீங்கதான பேசிக்கிட்டு வர்றீங்க?"

அது பழைய நாடா என்று எழுதினேன். படித்துவிட்டு என்னைப் பரிதாபமாகப் பார்த்தான். பிறகு, எனக்கு நிரூபிப்பதற்காக, கையை நீட்டி விசையைப் போட்டான்.

கோ மாரி சொல்றேன், கேளுங்க.

படகிலிருந்து இறங்கிய கூட்டம் திரும்பிப் பார்த்தது. இரண்டு பெண்கள் பொடி வாங்க வந்தார்கள். நான் அவன் தோளைப் பிடித்து உலுக்கினேன். எதிரில் நின்று ஊமையாய்க் கை ஆட்டுகிறவனை அவன் பார்க்கவில்லை. தலையைச் சாய்த்துப் பின்னாலிருந்து வந்த என் பேச்சைத்தான் கேட்டான். அதற்குப் பிறகு இரண்டு முறை போனேன். பாக்கியமும் வந்து பேசிப் பார்த்தாள். "அண்ணனே நல்லாருக்குன்னு சொல்றாரு மதினி" என்றான்.

என் உடம்பு இப்போது எனக்கு இரண்டு இடத்தில் இருக்கிறது. ஒன்று, இருமினால் கழுத்து நனைகிற, மழையில் குடைக்குள் பதுங்கும் இந்த உடம்பு. இது ஒவ்வொரு நாளும் வயதாகிறது. மற்றொன்று வயதாகாமல், பந்து வெளியே போன அந்த இடத்திலேயே சுற்றிச் சுற்றி நிற்கிறது. அந்த கார்னரை யாரும் அடிக்கப்போவதில்லை. அந்த ஆட்டத்தில் ஆடிய கோல் காப்பாளன் இறந்துவிட்டான், நாடாவில் அவனுக்கும் சேர்த்துக் கை தட்டுகிறார்கள். சில நாள் காலையில் கண் விழித்ததும் இரண்டில் எதில் இருக்கிறேன் என்று தெரிவதில்லை. விரலைத் துளையருகே வைத்து, காற்று படுகிறதா என்று பார்த்துக்கொள்வேன்.

ஊ சின்னையா, உங்களுக்குப் படிக்கத் தெரியும். டாலா படகுத்துறைக்கு வாருங்கள். படகு வந்து ஜனம் இறங்கும்போது, கருப்பையா பக்கத்தில் நிற்கும்போது, உங்கள் சொந்த வாயால் ஒலிபெருக்கியில் பேசுங்கள். இந்தப் பேச்சைப் பதிவு செய்தபோது கோ மாரிக்குப் புற்று இருந்தது, என் பொடியைத் தின்றும் வளர்ந்தது, இன்று அவனுக்குத் தொண்டையே இல்லை என்று சொல்லுங்கள். இதில் எது பொய் என்றாலும் அதையும் அங்கேயே சொல்லுங்கள். எனக்கு டீ வாங்கிக் கொடுத்துத் தனியாகச் சொல்ல வேண்டாம். கருப்பையாவுக்கு இன்னும் மூச்சு உள்ளே போய்க்கொண்டிருக்கிறது. அது நிற்பதற்குள் ஊர் கேட்கப் பதில் சொல்லுங்கள்.