அத்தை பேசப் பேச எழுதிய கடிதம்

என் படிப்பு மூன்றாம் வகுப்போடு நின்றுவிட்டது. அதற்குள் ஒழுங்காக வந்தது கடிதம் எழுதுவதுதான். ‘இங்கு யாவரும் நலம். தங்கள் நலத்துக்கு எழுதவும்.’ அதற்குமேல் ஒரு வரி எழுதினாலும் தப்பாகிவிடுமோ என்று அதோடு நிறுத்திவிடுவேன்.

யுத்த காலம். அப்பா ரோடு போடும் வேலைக்கு அஸ்ஸாம் பக்கம் போயிருந்தார். நடுவட்டத்துத் தேயிலை எஸ்டேட் லயத்தில், கூலிக்காரர்களின் வரிசை வீடுகளில் ஒன்றில், அம்மாவும் நானும் அப்பாவின் அக்காவும் இருந்தோம். ஒருநாள் அப்பாவிடமிருந்து கார்டு வந்தது. ஒப்பந்தம் முடிகிறது, இன்னும் இரண்டு வருஷம் இருக்கப் பெயர் கொடுக்கலாமா என்று யோசிப்பதாக எழுதியிருந்தார். மறுநாள் அம்மா கொழுந்து பறிக்கக் கிளம்பும்போது, வந்துவிடச் சொல்லி எழுது என்று மட்டும் சொன்னாள்.

அன்று காய்ச்சல் என்று அத்தை வீட்டில் இருந்தாள். அத்தையின் பேச்சுக்கு எங்கள் லயத்தில் ஆளுக்கொரு பெயர். அம்மாவுக்கு அது வளவளப்பு, மேஸ்திரிக்குத் தொணதொணப்பு, பக்கத்து வீட்டாருக்கு லொடலொட வண்டி. காய்ச்சலும் அதை நிறுத்தவில்லை.

“ரெண்டு வரிக்கு எதுக்கு கண்ணு இத்தாப் பெரிய காயிதம்? நாஞ் சொல்றேன், எழுது. டே தம்பி, உன்ற பொண்டாட்டி வெக்கற கொழம்புல உப்பே இருக்கறதில்லடா. கேட்டா, யாருக்குங்க ருசியா ஆக்கறதுங்கறா.”

அப்புறம் கூரைத் தகரத்தில் குரங்கு குதித்தது, துரையின் நாய் மேஸ்திரியின் வேட்டியோடு ஓடியது, எனக்கு முன்பல் விழுந்து ‘ச’ வராமல் போனது என்று அடுக்கினாள். அவள் பேசப் பேச எழுதினேன். இடம் போதாமல் ஓரங்களிலும் எழுதினேன். தபால்பைக்காரர் அதை வாங்கிக்கொண்டு வளைவில் மறைந்த பிறகுதான் உறைத்தது: ‘வந்துவிடுங்கள்’ என்று எங்குமே எழுதவில்லை.

சாயங்காலம் அம்மா கேட்டாள். “எழுதிட்டயா கண்ணு?”

“எழுதிட்டேம்மா.”

அதன்பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை. அப்பா அங்கேயே இருந்துவிட்டால் அது என்னால்தான்.

ஒரு மாதம் கழித்து அடுத்த கார்டு வந்தது. பெயர் கொடுக்கவில்லை, மாதக் கடைசியில் புறப்பட்டு வருகிறேன் என்று இரண்டே வரி. அம்மா என்னை இன்னொரு முறை படிக்கச் சொன்னாள். பிறகு என் தலையைத் தடவி, “நல்லா எழுதியிருக்கற போல” என்றாள்.

நாங்கள் எழுதியது வழியில் எங்கோ தொலைந்திருக்க வேண்டும், அப்பா தானாகவே புறப்பட்டுவிட்டார், நல்லவேளை என்று நினைத்துக்கொண்டு அன்றுதான் வயிறாரச் சாப்பிட்டேன்.