இறுக்குக் கைப் பாக்கியவதி

குச்சிகளைத் தொடுவதற்கு முன்னால் பாக்கியவதி இரண்டு உள்ளங்கைகளையும் தவிட்டில் புரட்டிக்கொள்வாள். அதற்கென்றே ஒரு சிரட்டையில் சலித்த தவிடு அவள் முழங்காலுக்குப் பக்கத்தில் எப்போதும் இருக்கும். வேர்வைக் கை பட்டால், துணி ஓரத்தில் வைத்துத் தைக்கிற ரேந்தைப் பூப்பின்னலின் வெள்ளை நூல் பழுத்துப்போகும். பழுத்த ரேந்தையை, கூலி கொடுத்து வாங்குகிற மிஷன் பங்களா வெள்ளைக்கார மிஸியம்மா விரல் நுனியால் ஒதுக்கிவிடுவாள். கை உலர்ந்ததும் உருளைத் தலையணையை மடியில் ஏற்றிக்கொண்டு, அதன்மேல் குத்தியிருக்கும் குண்டூசிகளுக்கு ஊடே நூல் சுற்றிய குச்சிகளை மாற்றி மாற்றிப் போடத் தொடங்குவாள். அப்புறம் கோழி வந்து அரிசியைக் கொத்தினாலும் அவளுக்குத் தெரியாது. குச்சிகள் ஒன்றோடொன்று மோதும் சத்தம் ராதாபுரம் சாலையில் போகிற வண்டிக்காரனுக்கும் கேட்கும் என்பான் அவள் புருஷன் அப்பாத்துரை. கொஞ்சம் கூட்டித்தான் சொல்லுகிறான்.

ஊரில் ரேந்தை போடுகிற பெண்கள் பலர் உண்டு. ஆனால் பாக்கியவதியின் ரேந்தையைக் கல்லில் அடித்துத் துவைத்தாலும் ஓர் இழை நகராது. கை அப்படி. கொண்டையும் அப்படித்தான், நெற்றித் தோலையே மேலே இழுத்துப் பிடித்திருக்கும். இங்கிலாந்து ராஜாவின் பட்டாபிஷேகத்தின்போது பங்களாவில் கொடுத்த, அவர் படம் போட்ட தகர டப்பாவில்தான் குண்டூசி வைத்திருக்கிறாள். அவள் மூடிய மூடியைத் திறக்க அப்பாத்துரை பல்லைக் கடிக்க வேண்டும். அவள் கட்டிய கருப்பட்டிச் சிப்பத்தை அவிழ்க்கும்போதெல்லாம் அவனுக்கு ஒரே கேள்விதான்.

"ஏளா, இதைக் கட்டுனியா, ஆணி அடிச்சியா?"

"லொடலொடன்னு கெடந்தா அதுக்குப் பேரு கட்டா?" என்பாள் அவள்.

அந்தக் கைக்கு வசப்படாத காரியங்கள் இரண்டு. ஒன்று, கைக்குட்டை ரேந்தையின் மூலை. திரும்புகிற இடத்தில் நூலைச் சற்றே நெகிழ விட வேண்டும். இவளோ விடமாட்டாள், மூலை காய்ந்த வெற்றிலை மாதிரி சுருண்டு நிற்கும். மற்றொன்று, கிறிஸ்துமஸ் முந்திரிக்கொத்து. வறுத்த சிறுபயற்று மாவையும் தேங்காயையும் கருப்பட்டிப் பாகில் கிளறி, சூட்டோடு உருட்டி, மும்மூன்றாக அரிசி மாவில் முக்கி எண்ணெயில் போடுகிற பலகாரம். பாக்கியவதி உருட்டியதை வாயில் அடக்கிக்கொண்டால் ஆராதனை முடிந்து வீடு திரும்பும்வரை கரையாது.

இரண்டுக்கும் முன்பு ஆள் இருந்தாள். அப்பாத்துரையின் தங்கை அன்னத்தாய். வேலிக்கு அந்தப் பக்கத்து வீட்டில்தான் வாழ்க்கைப்பட்டிருக்கிறாள். அவளுக்கு நெகிழ்ந்த கை. அவள் போடுகிற நீட்டு ரேந்தை தொளதொளவென்று கிடக்கும், ஆனால் மூலையை அவள் திருப்புகிற அழகைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். மூலை வந்ததும் பாக்கியவதியின் தலையணை வேலி தாண்டிப் போகும், மூலை முடிந்ததும் திரும்பி வரும். பண்டிகைக்கு அன்னத்தாய் வந்து உருட்டுவாள், பாக்கியவதி பொரிப்பாள்.

போன கிறிஸ்துமஸுக்கு அன்னத்தாய் காய்ச்சலில் படுத்துக்கொண்டாள். பாக்கியவதியே உருட்டினாள். பண்டிகையன்று கோயில் வாசலில் எல்லோருக்கும் முன்னால் அன்னத்தாய் ஒன்றைக் கடித்துப் பார்த்துவிட்டு, "மைனி, இதைக் கோயில் மணிக்கு நாக்காக் கட்டலாம் போலிருக்கே!" என்றாள். ஊரே சிரித்தது. வேடிக்கையாகச் சொன்னதுதான். பாக்கியவதிக்கு மட்டும் நெஞ்சு எரிந்தது. நேரே வீட்டுக்கு வந்தவள், வருஷம் முழுக்க அன்னத்தாயிடம் பேசவில்லை. வாயையும் அவள் அப்படித்தான் மூடுவாள். மூலை வந்தால் நூலைக் கத்திரித்து ஊசியால் ஒட்டுப்போட்டாள். அந்த ஒட்டை மிஸியம்மா திருப்பிப் பார்த்துவிட்டுச் சும்மா இருந்ததற்கு, வைதிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது அவளுக்கு.

இந்த ஐப்பசியில் அன்னத்தாயின் மாமனார் இறந்துபோனார். துக்க வீட்டில் அந்த வருஷம் எண்ணெய்ச் சட்டி வைக்கமாட்டார்கள். பிறந்த வீட்டார்தான் பலகாரம் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். பிறந்த வீடு என்றால் அப்பாத்துரை வீடுதான்.

"ஏளா, பண்டிகையும் அதுவுமா தங்கச்சி பிள்ளைக வெறும் வாயோட கெடக்கப்படாது" என்றான் அப்பாத்துரை, கூரையைப் பார்த்துக்கொண்டு.

"நான் என்ன மனசில்லாதவளா? கொண்டுபோயிக் கொடுக்கத்தான் போறேன். ஆனா அவ கடிச்சுப் பாத்துட்டு இன்னொரு தரம் சிரிச்சான்னா, பொறகு ஆயுசுக்கும் அந்த வாசலை மிதிக்கமாட்டேன். சொல்லிட்டேன்."

சொன்னால் செய்துவிடுகிறவள். அப்பாத்துரைக்கு அன்றிலிருந்து சோறு சரியாக இறங்கவில்லை.

பண்டிகைக்கு முந்தின நாள் காலையில் அடுப்பு மூட்டினாள். "பைய, பைய" என்று தன் கைக்கே சொல்லிக்கொண்டு மெல்ல உருட்டிப் போட்டாள். எண்ணெயில் விழுந்ததும் உருண்டைகள் பிரிந்து, பயற்று மாவு கருகிப் புகைந்தது. அரித்து எடுத்துவிட்டு மறுபடி உருட்டினாள். உடைந்துவிடுமோ என்ற பயத்தில் கை பழையபடி நெரித்துவிட்டது. எடுத்ததைத் தட்டில் போட்டபோது டங்கென்று சத்தம் கேட்டது. அப்பாத்துரை கிணற்றுப் பக்கம் திரும்பிக்கொண்டான். உருளியில் மாவு ஆறிக்கொண்டிருந்தது. ஆறிவிட்டால் யார் கைக்கும் உருண்டை பிடிக்காது.

பாக்கியவதி எண்ணெய்ச் சட்டியை இறக்கி வைத்தாள். பிறகு பழந்துணியைச் சுற்றி உருளியை இடுப்பில் தூக்கிக்கொண்டு, வேலி இடுக்கு வழியாக ஓட்டமும் நடையுமாகப் போனாள். அன்னத்தாய் சுளகில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். வா என்று அவள் வாயைத் திறப்பதற்குள் உருளி அவள் முன்னால் இறங்கியது.

"ஏளா, சூடு ஆறுது. உருட்டு. எண்ணெய்ச் சட்டி எங்க வீட்டுலதான கெடக்கு, ஒனக்குக் குத்தமில்ல."

அன்னத்தாய் மைனியின் முகத்தைப் பார்த்தாள், உருளியைப் பார்த்தாள். கையை நனைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். உருண்டைகள் சுளகில் வரிசையாக வந்து விழுந்தன.

"நெரிக்கப்படாது மைனி. உள்ளங்கைக்குள்ள ஓடவிடணும்."

"எனக்கு ஓடாது. ஓடாதுன்னு தெரிஞ்சுதான வந்திருக்கேன்."

அன்னத்தாய் சிரித்துவிட்டாள். போன வருஷத்துச் சிரிப்பேதான். பாக்கியவதி முகத்தைத் திருப்பிக்கொள்ளப் பார்த்தாள். அதையும் மீறி அவளுக்கும் சிரிப்பு வந்தது. எத்தனை நாளாயிற்று என்று அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. வேலிக்கு அந்தப் பக்கம் அப்பாத்துரை நிம்மதியாக ஒரு தும்மல் போட்டான்.

பொரித்தது முந்திரிக்கொத்தாகவே இருந்தது. நிறைந்த தட்டு மத்தியானத்துக்குள் வேலி தாண்டிப் போயிற்று.

வெயில் சாய்ந்ததும் பாக்கியவதி கையைச் சீயக்காய் போட்டு எண்ணெய் போகக் கழுவி, தவிட்டில் புரட்டிக்கொண்டு ரேந்தைக்கு உட்கார்ந்தாள். நாலு குண்டூசி நகர்வதற்குள் மூலை வந்துவிட்டது. வழக்கம்போலக் கத்திரியை எடுத்தாள். அந்த நேரம் தட்டைத் திருப்பிக் கொடுக்க அன்னத்தாய் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"மூலை வந்துட்டுதா மைனி?"

பாக்கியவதி கத்திரியைக் கீழே வைத்தாள். தலையணையைத் தூக்கி அன்னத்தாயின் மடியில் வைத்துவிட்டு, தவிட்டுச் சிரட்டையை அவள் பக்கமாக நகர்த்தினாள்.